அவன் கையில் திருப்புளி இருக்கவில்லை

மகனே,

இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதினால் வேலைக்கு நடுவில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "ஓகே அப்பா" என்று ஒரு பதில் போட்டுவிடுவாய். நான் இதை ஒளித்து எழுதவில்லை. அம்மா வாசிக்கலாம், நீ கட்டப் போகிற மாதுமை வாசிக்கலாம், வேண்டுமென்றால் பொலிஸ்காரரும் ஆள் பிடித்து வாசிப்பித்துப் பார்க்கலாம். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணம் கட்டப் போகிற மகனுக்குத் தகப்பன் நாலு புத்தி சொல்வது வழக்கம். அந்த வழக்கத்துக்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று வாசித்து முடித்தபின் நீயே முடிவு செய். முறிந்தது இடது கை என்பதால் எழுத முடிகிறது.

முதலில் வண்டி. எல்லாம் அதற்குள்தான் நடந்தது. அதன் கொம்பனிப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இன்னும் நாலு சேகரிப்பாளர்கள் தொலைபேசி எடுப்பார்கள். ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்தது, துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிட்டு வானத்தைப் பார்த்தபடி ஓடுகிற வகை. அந்த மாங்காய்ப் பச்சை நிறத்தில், அந்த எஞ்சினோடு, இந்த நாட்டில் இன்னொன்று இருக்கிறதா என்று கார் கழகத்துக்காரர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். நான் கண்டபோது அது ஒரு கோதுமைப் பண்ணையின் கொட்டகையில் கிடந்தது. பின் இருக்கையில் கோழி ஒன்று அடை கிடந்தது. பாரவண்டியில் ஏற்றி நம் கிரெய்கிபர்ன் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது அம்மா வாசலில் நின்று, "இஞ்சாருங்கோ, உது காரோ, கோழிக்கூடோ?" என்று கேட்டாள். நீதான் ஓடி வந்து, துருப்பிடித்த கதவில் கையை வைத்து, "அப்பா, இது பறக்குமா?" என்று கேட்டாய். அந்த ஒரு கேள்விக்காகவே உன்னைக் கூட வைத்துக்கொண்டு வேலை தொடங்கினேன்.

அந்தக் கராஜுக்குள்தான் நீ வளர்ந்தாய். துருவைச் சுரண்டுவது, தகரம் ஒட்டுவது, குரோம் மினுக்குவது எல்லாம் அங்கே படித்தாய். வேறொன்றும் படித்தாய். ஏழாம் வகுப்பில் ஒருநாள் உதடு வெடித்து வந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒருவன் உன் சாப்பாட்டுப் பெட்டியைக் கொட்டிவிட்டு முகத்தில் குத்தியிருந்தான். நான் காயத்தைத் துடைக்கவில்லை. "நீ திருப்பி அடிச்சனியோ?" என்றுதான் கேட்டேன். இல்லை என்றாய். "அடியாத மாடு படியாது. அவன் ஒண்டு தந்தா நீ ரெண்டு குடு" என்று சொல்லி, வண்டியின் பழைய இருக்கைப் பஞ்சைச் சுவரில் கட்டி, எப்படிக் குத்துவது என்று காட்டிக் கொடுத்தேன். அம்மா குசினியிலிருந்து வந்து, "பிள்ளைக்கு என்னத்தைப் பழக்கிறியள்?" என்று கத்தினாள். நான் சிரித்தேன். அடுத்த கிழமை நீ அந்தப் பையனின் பல்லை உடைத்துவிட்டாய். அதிபர் கூப்பிட்டுப் பேசியபோது தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். வெளியே வந்ததும் உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன்.

வண்டியை முடிக்க உன் வயதில் பாதி போயிற்று. முடிந்ததும், உன் கல்யாணத்துக்கு நீ அதில்தான் வர வேண்டும், தலைப்பாகையோடு, பக்கத்தில் தோழனை வைத்துக்கொண்டு, கூரையைத் திறந்துவிட்டு என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்தோம். ஐயர் ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் உடைத்தார், முன்கண்ணாடியில் சந்தனம் வைத்தார். பிறகு நீ மாதுமையோடு மண்டபம் பார்க்கப் போனாய். நான் வீட்டுக்கு வந்து சாவியைச் சாமி அறையில் பிள்ளையாரின் காலடியில் வைத்தேன். கல்யாணத்தன்றுதான் எடுப்பது என்று நேர்த்தி. அதோடு விட்டேனா? சாவிக்குச் சின்னதாக ஒரு பூமாலை போட்டு, படம் எடுத்து, வண்டி வீட்டு வாசலில் நிற்கிற படத்தையும் சேர்த்து முகநூலில் போட்டேன். வீட்டு இலக்கம் பளிச்சென்று தெரிந்தது. கள்ளனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலும் இவ்வளவு வசதியாக இருந்திருக்காது. இருநூறு பேர் விருப்பம் போட்டார்கள் என்று அம்மாவிடம் பெருமை வேறு பேசினேன்.

அன்று பின்னேரமே வந்தார்கள். ஒருவன் தெருவில் கார் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தான். மற்றவன் பின்கதவை இரும்புப் பாரால் நெம்பிக்கொண்டு உள்ளே வந்தான். முப்பது வயது இருக்கும். அம்மா கடைக்குப் போயிருந்தது கடவுள் கிருபை. நான் சாமி அறையில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவன் நேரே சாமி அறைக்குத்தான் வந்தான், படத்தைப் பார்த்திருக்கிறான். சேறு பிடித்த சப்பாத்தோடு, தடுக்குக்கு மேல் காலை வைத்தான். என் தலைக்குள் ஏதோ வெடித்தது. பாரை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே, பார்த்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "சப்பாத்தைக் கழட்டடா நாயே!" தமிழில். அந்த வெள்ளைக்காரனுக்கு என்ன விளங்கியிருக்கும்? நான் எழுந்து அவன் நெஞ்சைப் பிடித்துத் தள்ளினேன். அவன் பாரை வீசினான். முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினேன், முன்கை முறிந்தது. அடுத்த வீச்சு நெற்றியைக் கிழித்தது. பிள்ளையாரின் மேலெல்லாம் என் இரத்தம். அவன் சாவியை மாலையோடு அள்ளினான், பாரைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் போட்டான், கராஜுக்கு ஓடினான். பார் அங்கேதான் கிடந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்.

நான் சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டு நடைகூடத்தால் போய் கராஜ் கதவடியில் விழுந்தேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. அவன் றோலர் கதவைப் பாதி தூக்கிவிட்டு, கூரை மடித்திருந்த வண்டியில் பழக்கதோஷத்தில் வலப்பக்கத்தால் ஏறினான். அங்கே ஸ்டியறிங் இல்லை. அமெரிக்கக் கார் அல்லவா, இடப்பக்கத்தில் இருக்கிறது. தூஷணத்தால் திட்டிக்கொண்டு வெள்ளை இருக்கை நெடுகச் சேற்றோடு நகர்ந்து போய்ச் சாவியைத் திருப்பினான். வண்டி மூச்சுக் காட்டவில்லை. மின்சாரத்தைத் துண்டிக்க நான் ஒரு சுவிட்ச் ஒளித்து வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது. அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இடப்பக்கக் கதவு சுவரோடு ஒட்டி இருந்ததால் அந்தப் பக்கத்தால் இறங்கவும் வழியில்லை. வந்த வழியால் ஓடியிருந்தால் தப்பியிருப்பான். வண்டியின் ஆசை விடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்போதுதான் நீ வந்தாய். தெருவில் நின்றவன் உன்னைக் கண்டதும் பறந்துவிட்டான்.

நீ குனிந்து உள்ளே வந்ததும் முதலில் கண்டது என்னை. என் முகத்தில் இரத்தம், கை வேறு திசையில் தொங்குகிறது. பிறகு அவனைக் கண்டாய். வண்டிச் சில்லுக் கழற்றுகிற இரும்பு சுவரில் இருந்தது. அதை எடுத்து நீ அடித்த முதல் அடியை நான் குற்றம் சொல்ல மாட்டேன், எந்த நீதிமன்றத்திலும் சொல்ல மாட்டேன். அது அவன் தோளில் விழுந்தது. அவன் அலறிக்கொண்டு இருக்கையில் மண்டியிட்டான். இரண்டு கையையும் தூக்கினான். வெறுங்கை. "ப்ளீஸ், ப்ளீஸ்" என்றான். அவன் கையில் என் பூமாலை சுற்றிக்கொண்டிருந்தது. நீ நிறுத்தினாய், தம்பி. அதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. இரும்பை ஓங்கியபடி நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். சின்ன வயதில் ஒரு போல்ட்டை இன்னும் இறுக்கவா, போதுமா என்று கேட்பதற்குப் பார்ப்பாயே, அதே பார்வை. நான் போதும் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "நல்லாக் குடு!"

நீ குடுத்தாய். தாடை உடைந்தது. எலும்பு உடைகிற சத்தம் ஈரமாக இருக்கும். அவன் ஸ்டியறிங்கில் மோதி, இருக்கையில் விழுந்து, கையால் தலையை மூடினான். நீ கையின்மேல் அடித்தாய். கண்ணில் அடித்தாய். நான் வளர்த்த, குரோம் மினுக்கும்போது விரலடையாளம் படக்கூடாது என்று கையுறை போடுகிற பிள்ளை, பல் கடித்துக்கொண்டு, மூச்சிரைக்க இரைக்க, ஒரு மனிதனைச் சதைபோலக் கொத்தினாய். வெள்ளைத் தோல் சிவந்தது. பச்சைக் கதவில் தெறித்தது. எனக்கு அது இனித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முறிந்த கை வலிக்கவே இல்லை, அவ்வளவு இனிப்பு. ஒவ்வொரு அடிக்கும் மனதுக்குள் "இன்னும், இன்னும்" என்றுகொண்டிருந்தேன். அவன் அசையாமல் போன பிறகுதான் நீ நின்றாய். பிறகு செய்ததையும் பார்த்தேன். கருவிகள் மாட்டுகிற பலகையிலிருந்து விழுந்து கிடந்த பெரிய திருப்புளியைக் கையில் எடுத்து, துணியால் துடைத்து, அவன் கை தொங்கிய இடத்துக்குக் கீழே வண்டிக்குள் போட்டாய். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

மருத்துவமனையில் எனக்குக் கை கட்டும்போது அவனும் அங்கேதான், திரைக்கு அந்தப் பக்கம். தாதி அவனிடம் பெயர் கேட்டாள். அவனால் சொல்ல முடியவில்லை. தாடை உடைந்தவன் எப்படிச் சொல்வான்? ஏதோ ஒரு எழுத்தில் தொடங்கித் தொடங்கி நின்றான். அவள் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் அவன் அழுதான். ஒரு கண்ணின் பார்வை இனித் திரும்பாது என்கிறார்கள். எனக்கு அவன்மேல் பாசம் ஒன்றும் பொங்கவில்லை, பயப்படாதே. என் கையை முறித்தவன், சாமி அறையை நாறடித்தவன். சிறையில் கிடக்கட்டும். ஆனால் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தபோது, என்னுடைய குரலே என் காதுக்குள் வந்துகொண்டிருந்தது. அதை நான் முன்பும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறேன்.

என் இடது காது மந்தம் என்று உனக்குத் தெரியும். எஞ்சின் சத்தத்தால் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். ஊரில், சண்டை நடந்த காலத்தில், உன்னை விட இளைய வயதில், ஒரு சோதனைச் சாவடியில் என்னை வரிசையிலிருந்து இழுத்தார்கள். துவக்கு ஏந்தி நின்றது எந்தப் பக்கத்தார் என்று கேட்காதே, எல்லாத் துவக்குக்கும் ஒரே அடிப்பாகம்தான். மண்டியிடச் சொன்னார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள். முதல் அடி அடித்தவன் சின்னப் பையன்; அடித்துவிட்டுத் தயங்கினான். அப்போது வரிசையில் நின்ற எங்கள் ஆள் ஒருவர், நேரம் போகிற எரிச்சலிலோ, அவர்களுக்கு நல்ல பிள்ளையாகவோ, "நல்லாக் குடுங்கோ, அப்பத்தான் இவங்கள் திருந்துவாங்கள்" என்றார். பிறகு விழுந்த அடியில்தான் காது போயிற்று. அடித்தவனின் முகம் எனக்கு மறந்துவிட்டது. அவனை மன்னித்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அந்தக் குரலை மன்னிக்கவில்லை. இவ்வளவு காலமும் அந்த மனிதனைக் கண்டால் கழுத்தை நெரிப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதன் என் தொண்டைக்குள் குந்திக்கொண்டிருந்திருக்கிறான்.

பொலிஸ் முதல்முறை கேட்டபோது, தலை சுற்றியது, சரியாகத் தெரியவில்லை என்று சொன்னேன். இப்போது அவன் தாடைக்குக் கம்பி போட்டுப் பேசத் தொடங்கிவிட்டான். தான் கையைத் தூக்கி மண்டியிட்டதாகச் சொல்கிறான். அதனால் என்னைத் திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒருவன்தான் சாட்சி. நீ வந்து என் கட்டிலடியில் உட்கார்ந்தாய். "அப்பா, ப்ளீஸ். திருப்புளி அவன்ர கையில இருந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ. தட்ஸ் ஓல்" என்றாய். நீ சிறைக்குப் போகக்கூடும், வேலை போகும், கல்யாணம் நிற்கும். எல்லாம் என் ஒரு சொல்லில் இருக்கிறது. நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனாய். அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பெத்த பிள்ளையைக் காட்டிக் குடுக்கிற தகப்பனும் உலகத்தில உண்டோ?" என்று கையில் இருந்த கோப்பையைச் சுவரில் அடித்தாள். அதன் உடைந்த சில்லுகள் இன்னும் கதிரைக்குக் கீழே கிடக்கின்றன. அவளும் கூட்டவில்லை, நானும் கூட்டவில்லை. அவள் என்னோடு பேசுவதும் இல்லை. அவள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை.

நேற்று மாதுமை கிரவீனில் இருக்கிற தன் வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரித்தாள், கல்யாணச் சேலை வந்துவிட்டது என்றாள். "மாமா, அவர் அடிக்கேக்க மற்ற ஆள் முழங்காலிலயோ இருந்தவர்?" என்று கேட்டாள். நான், அதை ஏன் பிள்ளை என்னிடம் கேட்கிறாய், அவனிடம் கேள் என்றேன். "கேட்டனான். இல்லை எண்டு சொன்னவர். ஆனா சொல்லேக்க என்ர முகத்தைப் பாக்கேல்ல. மாமா, நான் அந்த வீட்டிலதானே வந்து இருக்கப்போறன்" என்றாள். நாளை அவள் ஒரு கோப்பையைக் கைதவறி உடைப்பாள், ஒரு சொல் கூடக் குறையச் சொல்வாள். அப்போது உன் கை எங்கே போகும் என்று அவள் கேட்கிறாள். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். உன்னிடம் இருக்கிறதா?

ஆகவே என் கல்யாணப் புத்திமதி இதுதான். ஆத்திரம் வராத ஆள் இல்லை. எனக்குச் சாமிக்கு முன்னாலேயே வந்தது. நீ இரும்பை ஓங்கிவிட்டு நின்றாயே, அந்த ஒரு கணம்தான் நீ. அதற்குப் பிறகு அடித்ததில் நானும் இருக்கிறேன். அந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டு அவளோடு வாழ்ந்துவிடலாம். அவளிடம் முதலில் நீ சொல், என் வாயால் அவள் கேட்க வேண்டாம். கேட்டபின் அவள் உன்னைக் கட்டுவாளா, சேலையை மடித்து வைப்பாளா என்பது அவள் முடிவு. பொய்யின்மேல் தாலி கட்டினால் அந்தத் திருப்புளி உங்கள் இருவருக்கும் நடுவில் தினமும் கிடக்கும்.

திங்கட்கிழமை நான் உள்ளதைச் சொல்லப் போகிறேன். அவன் மண்டியிட்டிருந்தான், கை வெறுமையாக இருந்தது, பார் சாமி அறையில் கிடந்தது, திருப்புளி பிறகு வந்தது. என் மகன் நிறுத்தினான், அடிக்கச் சொன்னது நான். இதையும் சேர்த்துத்தான் சொல்வேன். உன்னைத் தப்ப வைக்க இது போதாது என்று எனக்குத் தெரியும். நீதிமன்றத்தில் யார் அடிக்கச் சொன்னது என்று உன்னைக் கேட்டால், அப்பா என்று வெட்கப்பட்டு நிலத்தைப் பார்க்காதே. கையை நீட்டி என்னைக் காட்டு. ஊரில் அந்த மனிதனை ஒருவரும் காட்டவில்லை.

என் ஒரு கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது, ஓட்ட முடியாது. நீ வந்து என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. உன் காரில் வேண்டாம், பச்சை வண்டியில் போவோம், கூரையை மடித்துவிட்டு. பொலிஸ்காரர் படமெல்லாம் எடுத்துவிட்டு வண்டியைத் திருப்பித் தந்துவிட்டார்கள். இருக்கைத் தோல் மாற்ற நீ அனுப்பிய ஆளை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். கறை இருக்கை நெடுக அப்படியே இருக்கிறது, நாம் இருவரும் அதன்மேல்தான் இருந்து போக வேண்டும். நீ வராவிட்டால் நான் டாக்ஸியில் போவேன். அல்லது என்னை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு நீ எங்காவது ஓடிவிடலாம். அதற்கும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். சாவி மறுபடி பிள்ளையாரின் காலடியில்தான் இருக்கிறது. அந்த ஒளித்த சுவிட்ச் எங்கே என்று இதுவரை உனக்குக்கூட நான் சொன்னதில்லை. ஓட்டுகிற இருக்கைக்குக் கீழே, வலப்பக்கம், கையை விட்டால் தட்டுப்படும். அவன் முழங்காலுக்கு ஒரு சாண் கீழேதான் இருந்தது. மேலே தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பு, முதல் முறையிலேயே பிடிக்கும். காலையில் நான் வாசலில் நிற்பேன்.

அப்பா